கண்ணாயிரத்தின் லென்ஸ்

கார்த்திகை பிறந்துவிட்டால் விஜயலட்சுமிக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. மழையும் முகூர்த்தமும் சேர்ந்து வருகிற மாதம். கல்யாணத்துக்குப் படம் பிடிக்கக் கூப்பிட்டதும் ஊர்ப் பையன்கள் பீரோவின் அடித்தட்டிலிருந்து கேமராவை எடுப்பார்கள். எடுத்துப் பார்த்தால் லென்சுக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை படர்ந்திருக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து ஆளுடையது என்றால் கேட்கவே வேண்டாம். அங்கே பனி வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளும். எல்லாம் கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில், உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்த அவர்கள் கடைக்குத்தான் வந்து சேரும்.

அவள் புருஷன் வெங்கடேசன் பழைய லென்ஸ் வாங்கி விற்கிறவன். மாதத்தில் ஒருமுறை பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுவான். தொழிலை விட்டவர்கள், புதுசு வாங்கியவர்கள், செத்துப்போனவர்களின் வீட்டார் என்று யார் யாரிடமோ வாங்கி, ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வருவான். சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் என்று சுற்றுப்பட்டுக் கல்யாணப் போட்டோக்காரர்கள் எல்லாரும் அவனிடம்தான் வாங்கினார்கள். புது லென்ஸ் அவர்கள் கைக்கு எட்டாது. வாங்க வருகிறவன் முதலில் கேட்பது, இது யார் கையில் இருந்தது என்பதுதான். கடலோரத்து லென்ஸ் என்றால் உப்பு ஏறியிருக்கும். பத்திரிகைக்காரன் கையில் இருந்தது வெளியே பெயிண்ட் உதிர்ந்து கிடந்தாலும் உள்ளே சுத்தமாய் இருக்கும். வெங்கடேசன் பொய் சொல்லமாட்டான். டார்ச் அடித்துக் காட்டி, உள்ளே இருக்கிற தூசியையும் கீறலையும் அவனே சொல்லிவிடுவான். அவன் கடை அந்தப் பேச்சில்தான் ஓடியது.

பிரித்துத் துடைத்து மாட்டுகிற வேலை விஜயலட்சுமியுடையது. கல்யாணமாகி வந்த புதிதில் அவன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு சிறிய திருகுகளை அவன் தொலைக்கத் தொலைக்க அவளே வாங்கிச் செய்யத் தொடங்கினாள். ஜன்னலோரம் ஒரு மேசை, மேலே வெள்ளைத் துணி, பஞ்சு, ஸ்பிரிட், காற்றடிக்கிற ரப்பர் பந்து. துடைத்த லென்சை ஈரம் போவதற்காகக் குண்டு பல்பு எரிகிற மரப்பெட்டிக்குள் வைப்பாள். பிள்ளை இல்லை. பெட்டிக்குள் அவள் வைத்து எடுக்கிற பக்குவத்தைப் பார்த்து, சைக்கிள் கடைக்காரர் பெண்சாதி, கோழிக்குஞ்சு பொரிக்கிறாப்ல இருக்குது உன் வேலை என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு அய்யப்பன் என்று ஒரு தம்பி. அவர்கள் பிறந்தது கருணாபுரத்தில். அப்பன் மண்டியில் மூட்டை தூக்கியவர், இருமியே போனார். ஆத்தாளும் பின்னாலேயே போனாள். அப்போது அய்யப்பனுக்கு அரை டிராயர் வயசு. அக்கா கட்டிக்கொண்டு போன வீட்டுக்கே அவனும் வந்துவிட்டான். வெங்கடேசன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. படிப்பு ஏறாத பையனுக்குக் கேமராவைக் கையில் கொடுத்ததும் அவன்தான். கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவு விழுந்த வருஷம் அய்யப்பன் வீடு வீடாய்ப் போய் ரேஷன் கார்டிலிருந்தும் பழைய கல்யாணப் படத்திலிருந்தும் செத்தவர்களின் முகத்தை எடுத்துவந்தான். சட்டை போடாமல் நின்றவர்களுக்குக் கம்ப்யூட்டரில் வெள்ளைச் சட்டை மாட்டி, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தான். மாமனும் மச்சானும் யாரிடமும் கூலி வாங்கவில்லை. ஒரு படத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அய்யப்பன் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுததை விஜயலட்சுமி பார்த்திருக்கிறாள். தம்பி என்றால் அவளுக்கு அந்தக் கவிழ்ந்த தலைதான் ஞாபகம் வரும்.

அவனுக்குச் சொந்தமாய்க் கேமரா இல்லை. யாராவது பெரிய போட்டோக்காரனுக்குத் துணையாய்ப் போய், பையைச் சுமந்து, குடை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கல்யாண வீட்டில் இலை போட்டால்கூடக் கடைசிப் பந்திதான். அந்த வருத்தம் அவனுக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. பிறகு வடக்கனந்தல் பக்கத்து இருசப்பன் என்பவனோடு சேர்ந்தான். அவனுக்கு இன்ன தொழில் என்று யாருக்கும் தெரியாது. பைக் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். வெங்கடேசன் ஒருமுறை கூப்பிட்டுப் பக்குவமாய்ச் சொன்னான். அய்யப்பன் எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் வீட்டுக்கு வருவது குறைந்தது.

கண்ணாயிரம் மூங்கில்துறைப்பட்டுக் கல்யாணப் போட்டோக்காரன். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற வீடு. அப்பா இல்லை. ஆத்தாள் ராணியம்மாள் இன்னமும் கொடுவாள் எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போகிறவள். ஆவணியில் இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். தூரத்திலிருந்தே முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிற நீட்டு லென்ஸ் ஒன்று வெள்ளை நிறத்தில் கடையில் இருந்தது. கண்ணாயிரம் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ராணியம்மாள்தான் கேட்டாள், இதுல இன்னாப்பா தெரியும் என்று. அவன் கேமராவில் மாட்டி அவள் கண்ணுக்கு வைத்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்காரர் டீ ஆற்றுவது தெரிந்ததும் அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கிளாசைப் பிடிக்கப் பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த லென்சில் விஜயலட்சுமி நிறைய பாடுபட்டிருந்தாள். பின்பக்கத்து வளையத்தில் நாலு திருகுக்கு மூன்றுதான் வந்தது. நாலாவதுக்கு, செத்துப்போன வேறொரு லென்சிலிருந்து கறுப்புத் திருகு ஒன்றைக் கழற்றி மாட்டினாள். மூன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. விலை பேசும்போதே கண்ணாயிரத்திடம் அதைக் காட்டிவிட்டாள். சுத்தம் செய்து முடித்ததும் மூங்கில்துறைப்பட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுத்தவன் அய்யப்பன். ராணியம்மாள் அவனை உட்காரவைத்துக் கோழி அடித்துச் சோறு போட்டு அனுப்பினாள்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் கண்ணாயிரத்துக்குப் போன் வந்தது. நிச்சயம் ஆன ஜோடிக்கு மலைமேல் அருவிப் பக்கம் படம் எடுக்க வேண்டும், நல்ல லென்சாய் எடுத்துக்கொண்டு வா என்று. வடக்கனந்தலில் ஒரு காதுகுத்தை முடித்துவிட்டு நேராய் அங்கிருந்தே மலை ஏறினான். மறுநாள் காலையில் மரவள்ளி பிடுங்கப் போன மலைக்காரப் பெண்கள்தான் அவனைப் பார்த்தார்கள். வளைவுக்குக் கீழே, கடுக்காய் மரத்தடியில், தலை உடைந்து கிடந்தான். மூச்சு இருந்தது. சேலையில் தூளி கட்டி, இரண்டு மூங்கிலில் கோத்து, வழுக்குகிற சேற்றில் மாற்றி மாற்றித் தோள் கொடுத்து அவனை ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அவர்கள்தான். கேமராவும் இல்லை, லென்சும் இல்லை, போனும் இல்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். கண் திறக்கவில்லை. போட்டோக்காரர்கள் முறைபோட்டு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார்கள். சங்கத் தலைவர் ஜெயப்பிரகாஷ் தன் ஸ்டூடியோவை மூடிவிட்டு அங்கேயே கிடந்தார். ராணியம்மாளுக்கு விஜயலட்சுமி இட்லி கொண்டுபோவாள். அவள் வாங்கி வைத்துக்கொள்வாள், திங்கமாட்டாள்.

அய்யப்பன் கடைக்கு வந்தபோது காலைத் தூறல் விட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்து, தாடி மண்டி, சட்டை கசங்கி இருந்தான். மஞ்சள் பையிலிருந்து ஒரு லென்சை எடுத்து மேசைமேல் வைத்தான். மேலெல்லாம் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"அக்கா, இத்த கொஞ்சம் பாரு. திருகவே மாட்டேங்குது."

யாருடையது என்று கேட்டாள். ஆத்தூர்க்காரன் ஒருத்தனுடையது, மழையில் நனைந்துவிட்டதாம், பெங்களூரில் கொடுக்கப் போனால் ஓடாததை எடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்றான். அவள் லென்சைவிட அவன் முகத்தைத்தான் பார்த்தாள். சாப்பிட்டாயா என்றாள். அவன் தலையை ஆட்டிய விதத்திலேயே தெரிந்தது. கடைக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்குக் கூட்டிப்போய்ப் பழைய சோற்றில் மோர் விட்டு, கருவாடு சுட்டு வைத்தாள். அவன் தலையை நிமிர்த்தாமல் தின்றான். எவ்வளவு நாள் பட்டினியோ என்று நினைத்துக்கொண்டாள். இன்னொரு கை சோறு அள்ளி வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள்.

டேப்பை உரித்தாள். உள்ளே வெள்ளை. வளையத்தின் இடுக்கெல்லாம் செம்மண். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றினாள். மண் கரைந்து வந்தது. முன்வளையத்தின் உள்பள்ளத்தில் மண் இல்லாத வேறு ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதையும் ஒற்றினாள். பஞ்சு துருப்பிடித்த நிறத்துக்கு மாறி, பிறகு சிவந்தது. அது என்னவென்று அவள் மனசு சொல்வதற்குள் கை லென்சைத் திருப்பிவிட்டது. பின்பக்கத்தில் நாலு திருகு. மூன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

உள்ளே அவன் கருவாட்டு முள்ளைக் கடித்துத் துப்புகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் வெங்கடேசன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கண்ணாயிரம் பூட்டான், விஜயா. இப்பதான். அந்தம்மா அழக்கூட இல்ல. உக்காந்த எடத்துலியே உக்காந்துக்கினு இருக்குது."

உள்ளே சத்தம் நின்றது. வெங்கடேசன் எட்டிப் பார்த்தான். அய்யப்பன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தான். பிறகு ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றான். மென்றுகொண்டே இருந்தான், விழுங்கவில்லை.

விஜயலட்சுமி லென்சைக் கையில் எடுத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றாள்.

"இது கண்ணாயிரத்துது."

"இன்னாக்கா உளர்ற. இதே மாதிரி எத்தினியோ இருக்குது."

"இத்த பிரிச்சி மாட்டினவ நானு. எங்கிட்ட சொல்லாத."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கையைக் கழுவவில்லை. முதலில் இல்லை என்றான், பிறகு இருசப்பன் கொடுத்தான் என்றான், பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். கேமராவை மட்டும் பிடுங்கிக்கொண்டு விட்டுவிடுவதுதான் ஏற்பாடு. போன் செய்தது இருசப்பன். நேரில் வந்தது இருசப்பன். கண்ணாயிரம் பையை விடவில்லை, இருசப்பன் அடித்துவிட்டான். பங்குக்கு இந்த லென்சைத் தன்னிடம் தள்ளிவிட்டு இருசப்பன் எங்கேயோ போய்விட்டான்.

"நான் அடிக்கலக்கா. சத்தியமா அடிக்கல. நான் தள்ளி மரத்தாண்ட நின்னுக்கினு இருந்தேன்."

அவள் நம்பினாள். நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. செத்தவர்களுக்குச் சட்டை மாட்டி அழுத பையன் தள்ளித்தான் நின்றிருப்பான், வேறெப்படி இருக்க முடியும்? அவன் பக்கத்தில் குந்தி, சோற்றுக்கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் கூட வருகிறோம், ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு, அடித்தவன் அவன் என்றால் அவன் பதில் சொல்லட்டும் என்றாள். அய்யப்பன் கேட்டுக்கொண்டிருந்தான். வெங்கடேசன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அதைப் பார்த்ததும் அய்யப்பன் முகம் மாறியது.

"மாமா, போன உள்ள வையி."

"வையி வையின்னா எப்டிடா? அங்க ஒரு உசுரு பூடுச்சி."

அய்யப்பன் பாய்ந்து கடைக்குள் வந்தான். மூலையில் விளக்கு மாட்டுகிற இரும்பு ஸ்டாண்டு மடக்கி வைத்திருந்தது. அதைத் தூக்கி ஒரே வீச்சு. வெங்கடேசன் கையைக் குறுக்கே கொடுத்தான். கரும்பு முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. முன்கை முழங்கைக்குக் கீழே வேறு திசைக்குத் திரும்பித் தொங்கியது. அவன் கத்தவில்லை, ஆச்சரியமாய்த் தன் கையைப் பார்த்தான். இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது. கண்ணாடி அலமாரிமேல் சாய்ந்து, அலமாரியோடு தரைக்கு வந்தான். துணி சுற்றிய லென்சுகள் அவன்மேல் உருண்டு விழுந்தன.

விஜயலட்சுமி லென்சை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அய்யப்பன் அவள் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தான். சின்ன வயதில் மிட்டாய்க்காக அப்படிப் பிரிப்பான், அவள் விட்டுக்கொடுத்துவிடுவாள். இப்போது விடவில்லை. சுண்டுவிரலைப் பின்பக்கமாய் மடக்கினான். அவள் குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் கருவாட்டு வாசமும் ரத்தமும் சேர்ந்து கரித்தது. அவன் அவள் வயிற்றில் உதைத்தான். மேசையின் காலில் தலை மோதி விழுந்தாள், லென்ஸ் அவள் அடியில் இருந்தது. அவன் மூச்சிரைக்க நின்று அவளையும் வெங்கடேசனையும் பார்த்தான். தன் பையும் பைக் சாவியும் அறைக்குள் இருப்பது ஞாபகம் வந்து உள்ளே ஓடினான்.

அவள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அறைக் கதவை இழுத்துச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போட்டாள். சாக்கடைத் தண்ணீர் ஏறுகிறது என்று பின்கதவை வெளியே பூட்டிவைத்திருந்தார்கள். உள்ளே அவன் கதவை உதைத்தான். பிறகு கெஞ்சினான். அக்கா அக்கா என்று கதவில் வாயை வைத்துக் கூப்பிட்டான். அவள் வெங்கடேசன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

"போலீசுக்குப் பண்ணு" என்றான்.

அவள் ஜெயப்பிரகாஷுக்குப் பண்ணினாள். போலீஸ் என்றால் கருணாபுரத்தில் பிறந்தவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். ஜெயப்பிரகாஷ் பெரிய மனுஷன், அய்யப்பனுக்கு முதல் வேலை கொடுத்தவர், அவர் கூட நின்று ஒப்படைத்தால் பையன்மேல் கை விழாது என்று அந்த நேரத்துக்கு அவளுக்குத் தோன்றியது. நடந்ததைச் சொல்லி, நல்லபடியாய்க் கூட்டிப்போய் ஒப்படையுங்கள் அண்ணா, அவன் அடிக்கவில்லை, சும்மா நின்றவன் என்றாள். அவர் சரிம்மா என்றார். அவர் பேசியது பிண அறை வாசலிலிருந்து. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் போட்டோக்காரர்கள். போனில் அவள் குரலைக் கேட்டு, அவர் முகத்தையும் பார்த்ததுமே அவர்கள் பைக்கை உதைத்துவிட்டார்கள்.

துருகம் ரோட்டில் பைக்குகள் வரிசையாய் வந்து நின்றதை டீக்கடையில் இருந்தவர்கள் ஏதோ ஊர்வலம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இரண்டு பேர் வெங்கடேசனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவள் கூடப் போகப் பார்த்தாள். அதற்குள் யாரோ தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்கள்.

அய்யப்பனை முடியைப் பிடித்து இழுத்துவந்தார்கள். கடைப்படியில் அவன் முகம் தட்டித் தட்டி இறங்கியது. ரோட்டில் போட்டு அடித்தார்கள். பெல்ட், செருப்பு, கேமராவுக்கு ஊன்றுகிற ஒற்றைக்கால் கம்பி, எது கையில் இருந்ததோ அது. எல்லாரும் கல்யாண மண்டபத்தில் சிரியுங்கள், கொஞ்சம் சிரியுங்கள் என்று சொல்லிப் படம் எடுக்கிற பையன்கள். ஒருத்தன் அழுதுகொண்டே அடித்தான், கண்ணாயிரத்தோடு ஒன்றாய்த் தொழில் கற்றவன். ஒருத்தன் அய்யப்பனின் வலது கையை ரோட்டில் விரித்து வைத்து மிதித்தான். ஜெயப்பிரகாஷ் விடுங்கப்பா, செத்துடுவான் என்று நடுவில் புகுந்தார். யாருடைய முழங்கையோ பட்டு அவர் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவர் ஒதுங்கிப்போய் உரக்கடை மூட்டைமேல் உட்கார்ந்து போலீசுக்குப் போன் செய்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நின்றன. மேலே இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

விஜயலட்சுமி கால்களுக்கு நடுவே புகுந்து தம்பிமேல் விழுந்தாள். முதுகில் கம்பி இறங்கியது. தோளில் செருப்புக்கால் பட்டது. அவள் அவன் தலையைத் தன் கையால் மூடி, நெற்றியைத் தார்மேல் வைத்துக்கொண்டாள். அவன் அடிக்கல, அவன் அடிக்கல என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது முதலில் யாருக்கும் கேட்கவில்லை. பெண்பிள்ளை மேல் அடி விழுகிறது என்று டீக்கடைக்காரர் கத்திய பிறகுதான் கைகள் நின்றன. நின்றவர்கள் மூச்சு வாங்கினார்கள். மறுபடியும் தொடங்கிவிடுவார்கள் போல்தான் இருந்தது.

அப்போது ஒரு பைக்கின் பின்னாலிருந்து ராணியம்மாள் இறங்கினாள். யார் கூட்டிவந்தது, அவளே ஏறிக்கொண்டாளா, தெரியாது. கையில் கட்டைப்பை, அதற்குள் மகனின் சட்டையும் பேண்ட்டும். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. ஒருத்தன் தன் கையிலிருந்த கம்பியை அவளிடம் நீட்டினான். அவள் அதைப் பார்க்கவில்லை. ஈர ரோட்டில் அய்யப்பனின் முகத்துக்கு நேராய்க் குந்தினாள். கரும்புச் சோகை கிழித்த தழும்பெல்லாம் வெளுத்துத் தெரிகிற கையால் அவன் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள், தன்னை அவன் பார்க்க வேண்டும் என்பதற்காக.

"அய்யப்பா. எம்புள்ள கண்ணத் தொறக்கவே இல்ல. எங்கிட்ட ஒண்ணும் சொல்லாமலே பூட்டான். அவன் கடைசியா பேசினது உங்கிட்டதான். இன்னா சொன்னான்?"

அவன் உதடு கிழிந்து தொங்கியது. தெரியாது என்பதுபோல் தலையை அசைத்தான்.

"இன்னா சொன்னான்?"

அவள் குரலில் கோபம் இல்லை. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கேட்கிற குரல்தான். அய்யப்பன் பேசினான். பல் உடைந்த வாயில் பேச்சு ஒழுகி ஒழுகி வந்தது. கேமராவ எடுத்துக்கோங்க, கார்ட மட்டும் குடுத்துடுங்க என்று கண்ணாயிரம் கேட்டானாம். அதில் வடக்கனந்தல் காதுகுத்துப் படம் இருக்கிறது, இன்னும் அவங்களுக்குக் குடுக்கல, திரும்ப எடுக்க முடியாது என்று.

"அப்புறம்?"

"இருசப்பன் குடுக்கல. பையப் புடிச்சி இழுத்தான். கண்ணாயிரம் விடல."

"அப்புறம்?"

அய்யப்பன் கண்ணை மூடிக்கொண்டான். விஜயலட்சுமி அவன் தலையை இன்னும் இறுக்கி மூடினாள். அப்புறம் இருசப்பன் அடித்தான், நீ தள்ளி நின்றாய், சொல்லு என்று அவன் காதில் சொன்னாள்.

"அப்புறம் இன்னாப்பா?" என்றாள் ராணியம்மாள்.

"என்னப் பாத்துட்டான்."

"பாத்து?"

"நான் மரத்தாண்ட இருந்தேன். என்னப் பாத்ததும் சிரிச்சான். அய்யப்பா, நல்ல வேள நீ வந்தடா, இவன்கிட்ட சொல்லுடான்னான். நான் காப்பாத்த வந்தன்னு நெனச்சிக்கினான்."

டிராக்டர் ஒன்று எஞ்சினை அணைத்தது. ராணியம்மாள் இன்னும் கிட்டே நகர்ந்தாள்.

"அப்புறம்?"

"பேரு சொல்லிக் கூப்ட்டுட்டானே. உட்டா வந்து சொல்லிடுவான்ல." அவன் அழத் தொடங்கினான். "இருசப்பன் அடிக்கல. அவன் பயந்துக்கினு ஓடிட்டான். நாந்தான் கல்ல எடுத்தேன்."

"எத்தினி வாட்டி போட்ட?"

அவன் முகத்தைத் தார்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் மறுபடியும் கேட்கவில்லை. கட்டைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

விஜயலட்சுமி அவன் தலைமேலிருந்து கையை எடுத்தாள். கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அவன்மேல்தான் கிடந்தாள், பிறகு உருண்டு விலகி ரோட்டில் உட்கார்ந்தாள். அவன் அக்கா என்றான். மறுபடியும் அக்கா என்று உடைந்த கையால் அவள் சேலையைத் தேடினான். அவள் சேலையை இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கூட்டம் ஓரடி முன்னால் வந்தது. இப்போது நடுவே யாரும் இல்லை.

"யாரும் அவனத் தொடாதீங்க" என்றாள் ராணியம்மாள். "அவன் வாயி நல்லா இருக்கணும். இத்தயே அவன் இன்னும் பல பேருகிட்ட சொல்லணும். கோர்ட்டுல சொல்லணும். நான் உக்காந்து கேக்கணும்."

யாரும் தொடவில்லை. கம்பி நீட்டியவன் அதைச் சாக்கடையோரம் போட்டான். மழை மறுபடியும் பிடித்தது. போலீஸ் வந்து அய்யப்பனை ஜீப்பில் ஏற்றியபோது, போன் செய்தது யார் என்று கேட்டார்கள். ஜெயப்பிரகாஷ் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் விஜயலட்சுமி நான்தான் என்றாள். உள்ளே போய் லென்சை எடுத்துவந்து கொடுத்தாள். மூன்று வெள்ளைத் திருகையும் ஒரு கறுப்புத் திருகையும் காட்டினாள். அதை மாட்டியது தான்தான் என்றும், எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்வதாகவும் சொன்னாள். இவன் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார் எழுதிக்கொண்டிருந்தவர்.

"தம்பிங்க. கூடப் பொறந்தவன்."

ஜீப் போனது. டிராக்டர்கள் ஒவ்வொன்றாய் நகர்ந்தன. ராணியம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள், மடங்கிய முழங்கால் நிமிரவில்லை. விஜயலட்சுமி பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள். சுண்டுவிரல் வீங்கி, உள்ளங்கையெல்லாம் அய்யப்பனின் ரத்தம். ராணியம்மாள் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டீக்கடைப் பந்தக்காலைப் பிடித்துத் தானே எழுந்து, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாய் மழையில் நடந்தாள். விஜயலட்சுமியும் அதே வழிதான் போகவேண்டியிருந்தது. வெங்கடேசன் அங்கேதான் கிடந்தான். அவள் கொஞ்ச தூரம் விட்டு, முன்னால் போகிறவளை முந்தாமல், பின்னாலேயே நடந்து போனாள்.